லார்க்கின் வரைந்த டார்செட் பிரபு (1613): ஆளை வரைந்தாரா, உடையை வரைந்தாரா?

தூரிகை:
வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தை ஒட்டி கென்வுட் என்று ஒரு மாளிகை இருக்கிறது. அங்குள்ள ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். ரிச்சர்ட் சாக்வில், டார்செட்டின் மூன்றாம் பிரபு. வரைந்தவர் வில்லியம் லார்க்கின், ஆண்டு 1613. இரண்டு மீட்டர் உயரம், ஆளை நேருக்கு நேர் நிறுத்தி வைத்த மாதிரி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பட்டுத் திரை விலகியிருக்கிறது. கீழே துருக்கிக் கம்பளம். நடுவில் 24 வயதை ஒட்டிய இளைஞன், ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறான். வெள்ளிச் சரிகைத் துணியில் கறுப்பும் பொன்னுமாகப் பூவேலை செய்த மேற்சட்டை, தோளில் கறுப்பு வெல்வெட் மேலங்கி, கழுத்தைச் சுற்றி விறைப்பான லேஸ் பட்டை. தொடைவரை உப்பிய கால்சட்டை, கணுக்காலிலிருந்து பூத்தையல் ஏறும் பட்டுக் காலுறை. செருப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா போன்ற குஞ்சம்.

இந்த ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "முகம் பொம்மை மாதிரி இருக்கிறது, உடம்பில் உயிர் இல்லை" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தை அப்போது ஆண்ட ஜேம்ஸ் மன்னரின் அரசவையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ஓவியம் இன்னொன்று இல்லை என்றே நினைக்கிறேன். அந்த அவையில் ஒருவன் தன்னை எப்படிக் காட்ட வேண்டியிருந்ததோ அப்படியே லார்க்கின் வரைந்திருக்கிறார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

பழையஏடு:
நல்ல தேர்வு. இந்த ஓவியத்துக்கு இருக்கும் ஒரு சாட்சி வேறு எந்த ஓவியத்துக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. டார்செட் பிரபுவின் விலையுயர்ந்த உடைகளைப் பட்டியலிட்ட கணக்கு ஒன்று இன்றும் இருக்கிறது. வெள்ளித் துணியில் கறுப்பு சாட்டினும் பொன்னுமாகக் கொடிப்பூ தைத்த மேற்சட்டை, சரிகை வைத்த கறுப்பு வெல்வெட் மேலங்கி, அதற்குப் பொருத்தமான கையுறை, வாள் தொங்கவிடும் வார் என்று உருப்படி உருப்படியாக எழுதியிருக்கிறார்கள். 1980இல் உடை வரலாற்று ஆய்விதழ் ஒன்றில் அதைப் பதிப்பித்தார்கள். கையில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓவியத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டலாம். ஆக, லார்க்கின் கற்பனையாக எதையும் போர்த்திவிடவில்லை. அலமாரியில் இருந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

இன்னொன்று. 1613 பிப்ரவரி 14 அன்று மன்னரின் மகள் எலிசபெத்துக்கும் ஜெர்மானிய இளவரசர் ஐந்தாம் ஃப்ரெடரிக்குக்கும் திருமணம். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 1612 நவம்பரில், பட்டத்து இளவரசர் ஹென்றி இறந்திருந்தார். துக்கத்திலிருந்து நேராகக் கொண்டாட்டத்துக்கு வந்த அவை அது. தேம்ஸ் ஆற்றில் வாணவேடிக்கை, பொய்க் கடற்போர் எல்லாம் நடத்தினார்கள். திருமணம் முடிந்த சில நாளில் ஜான் சேம்பர்லெய்ன் என்பவர் எழுதிய கடிதத்தில், யார் யார் எவ்வளவு பகட்டாக வந்தார்கள் என்று சொல்கிறார். வாட்டன் சீமாட்டியின் கவுனுக்குப் பூவேலை மட்டும் கெஜம் 50 பவுண்டு. மாண்டேகு பிரபு இரண்டு மகள்களின் உடைக்கு 1,500 பவுண்டு செலவழித்தார். ஆண்களில் ராச்செஸ்டர், ஹே, டிங்வால் என்று அடுக்கிவிட்டு, எல்லாருக்கும் மேலாக டார்செட் பிரபுவைப் பற்றித்தான் பேச்சு என்று எழுதுகிறார். இந்த அளவுமீறிய செலவு நம் எல்லாரையும் ஏழையாக்குகிறது என்றும் அதே கடிதத்தில் வருத்தப்படுகிறார்.

ஓவியத்தில் இருப்பது அந்தத் திருமண உடைதான் என்று பலர் கருதுகிறார்கள். ஆண்டு பொருந்துவதால் வந்த ஊகம் அது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

மரப்பாச்சி:
நான் மாற்றுக் கட்சி. உடைப் பட்டியலோடு பொருந்துகிறது என்பதால் அது நல்ல ஓவியம் ஆகிவிடுமா? பட்டியலும் பொருந்தும்தான், அதற்காக யாரும் பட்டியலை மாட்டி வைப்பதில்லை. அந்தப் பாதங்களைப் பாருங்கள். கம்பளத்தின் மேல் அவன் எடை இறங்கவே இல்லை. கம்பளமே தரையில் கிடக்காமல் பார்ப்பவரை நோக்கிச் சரிகிறது. இதே காலத்தில் ஆண்ட்வெர்ப்பில் ரூபன்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார்! சதையும் காற்றும் வெளிச்சமும் அங்கே இருக்கின்றன. இங்கிலாந்து அரை நூற்றாண்டு பின்தங்கியிருந்தது. 1616 வாக்கில் பால் வான் சோமரும், 1618 வாக்கில் டேனியல் மைட்டென்ஸும் வந்த பிறகுதான் அங்கே ஆளை ஆளாக வரையத் தொடங்கினார்கள். 1632இல் வான் டைக் வந்து தங்கியதும் லார்க்கின் பாணியின் கதை முடிந்துபோனது. காரணம் இல்லாமல் அது மறக்கப்படவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அதே திரையை எத்தனை ஓவியத்தில்தான் போடுவார்?

தூரிகை:
மறக்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மரப்பாச்சி. யார் வரைந்தார் என்பதே தெரியாமல் இருந்தது. நீங்கள் கேலி செய்யும் அதே திரையை வைத்துத்தான் அந்தப் பெயர் தெரியாத ஓவியருக்கு "திரை ஓவியர்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வார்விக்ஷையரில் சார்ல்கோட் பார்க் என்ற மாளிகை. அங்கே செப்புத் தகட்டில் வரைந்த இரண்டு சிறு உருவப்படங்கள்: எட்வர்ட் ஹெர்பர்ட், தாமஸ் லூசி. அவற்றை வரைந்தவர் லார்க்கின் என்று 1952இல் ஜேம்ஸ் லீஸ்-மில்ன் கண்டறிந்தார். பிறகு ராய் ஸ்ட்ராங் போன்ற கலை வரலாற்றாளர்கள் அந்த இரண்டையும் ஆதாரமாக வைத்து மற்றவற்றை இவருக்கு உரியவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

லார்க்கின் லண்டனில் ஒரு விடுதிக்காரரின் மகன். 1606இல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார், 1619இல் இறந்தார். வேலை செய்தது பதின்மூன்று ஆண்டுதான்! ரூபன்ஸ் போல இத்தாலியில் எட்டு ஆண்டு இருந்து படித்துவிட்டு வந்தவர் இல்லை. அவர் கற்ற மரபு, எலிசபெத் அரசி காலத்து நுண்ணோவியர் நிக்கலஸ் ஹில்லியர்டின் மரபு. நிழலே படாத முகம், நகைபோல இழைத்த உடை. அந்த மரபின் கடைசிப் பெரிய ஓவியர் இவர் என்பேன்.

புதுவாசகன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வரலாறு அவ்வளவாகத் தெரியாது. 24 வயதுப் பையனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அரசவையில் அவன் என்ன பதவியில் இருந்தான்?

பழையஏடு:
நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாத்தா தாமஸ் சாக்வில். இளமையில் கவிஞர், நாடக ஆசிரியர். பிறகு எலிசபெத் அரசி, ஜேம்ஸ் மன்னர் இருவர் ஆட்சியிலும் நாட்டின் தலைமைக் கருவூல அதிகாரி. கருவூலம் கையில் இருந்தால் குடும்பம் எப்படி வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கென்ட் மாவட்டத்தில் நோல் என்ற பிரம்மாண்ட மாளிகையைப் புதுப்பித்துக் கட்டியவர் அவர்தான். 1608இல் அரசவைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே உயிர் போனது. அப்பா ராபர்ட் பட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட இல்லை, 1609 பிப்ரவரி 27 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, 25ஆம் தேதி, ரிச்சர்டுக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்தது.

அவசரம் ஏன் தெரியுமா? வயது வராத வாரிசை விட்டுவிட்டுப் பிரபு இறந்தால், அந்தப் பிள்ளை மன்னரின் காப்பில் போய்விடும். காப்புரிமையை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாங்கியவர் அந்தப் பிள்ளைக்குப் பெண் பார்த்து அதிலும் காசு பார்க்கலாம். இதற்கென்றே தனி நீதிமன்றம் இருந்தது. அப்பா சாகக் கிடக்கிறார், பையனுக்கு 20 நிரம்பவில்லை, அதனால் முந்திக்கொண்டார்கள்.

பதவி என்று பெரிதாக எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. இதுதான் முக்கியம். ஜேம்ஸ் அவையில் மன்னர் கண்ணில் பட்டவனுக்கு எல்லாம் கிடைத்தது. ராபர்ட் கார் என்ற ஸ்காட்லாந்து இளைஞன் அப்படித்தான் ராச்செஸ்டர் பிரபு ஆனான். 1615இல் அவனுக்கு இறங்குமுகம், ஜார்ஜ் வில்லியர்ஸ் ஏறினான், சில ஆண்டுகளில் பக்கிங்ஹாம் பிரபு. பட்டங்களும் விற்பனைக்கு வந்தன. 1611இல் பேரனெட் என்ற புதுப் பட்டத்தை உண்டாக்கி 1,095 பவுண்டுக்கு விற்றார்கள். அதோடு இன்ன தகுதிக்காரர் இன்ன துணிதான் உடுத்தலாம் என்ற பழைய சட்டங்களை 1604இலேயே நீக்கிவிட்டார்கள். காசு உள்ளவன் எவனும் வெள்ளித் துணி உடுத்தலாம். இந்தச் சூழலில் பரம்பரைப் பிரபு ஒருவன், தான் யார் என்று காட்ட எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவன் வெகுதூரம் போனான். நிலத்தை விற்றான், கடன் வாங்கினான். கடைசியில் நோல் மாளிகையையே ஹென்றி ஸ்மித் என்ற லண்டன் பணக்காரரிடம் விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தான்! 1624இல் 35 வயதில் இறந்தபோது கடன் சுமார் 60,000 பவுண்டு.

புதுவாசகன்:
மிக்க நன்றி ஐயா. தன் வீட்டுக்கே வாடகை என்ற இடத்தில் அதிர்ந்துவிட்டேன். இப்போது ஓவியத்தை மறுபடி திறந்து பார்க்கிறேன், வேறு மாதிரி தெரிகிறது.

நூலிழை:
துணி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நான் பழைய துணிகளைப் பேணும் வேலையில் இருப்பவள்.

அந்தச் சட்டையில் மின்னுவது உண்மையான வெள்ளி. மெல்லிய கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றிய சரிகை. பொன் நிறம் வேண்டிய இடத்தில் வெள்ளிக்கு மேல் பொன் முலாம். இதில் பெரிய சிக்கல் வெள்ளி கறுத்துப்போவது. லண்டன் வீடுகளில் நிலக்கரிப் புகை வேறு. புதிதாக இருக்கும்போது அந்த உடை எப்படி ஒளிர்ந்தது என்பதைக் காட்ட மிஞ்சிய உடைகளால் முடியாது, ஓவியத்தால்தான் முடியும்.

கறுப்பின் கதை இன்னும் மோசம். நல்ல அடர்ந்த கறுப்புக்கு இரும்பு உப்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துத் தோய்ப்பார்கள். அந்தச் சாயமே காலப்போக்கில் இழையை அரித்துவிடும். அருங்காட்சியகத்தில் பல துணிகளில் மற்ற நிறப் பூத்தையல் அப்படியே இருக்கும், கறுப்பு நூல் இருந்த இடம் மட்டும் வெறுமையாக, ஊசித்துளையோடு நிற்கும். டார்செட் உடையில் பாதி கறுப்பு. அப்படியே வைத்திருந்தாலும் இன்று பாதி உதிர்ந்திருக்கும். மரப்பாச்சி சொன்ன குறை எனக்குப் புரிகிறது, ஆனால் லார்க்கின் ஒவ்வொரு தையலையும் எண்ணி வரைந்ததற்கு நான் கடன்பட்டவள். லேஸ் பட்டையில் வெட்டுவேலை எங்கே முடிந்து ஊசிவேலை எங்கே தொடங்குகிறது என்றுகூட என்னால் சொல்ல முடிகிறது. வான் டைக் வரைந்த லேஸில் அது முடியாது. அவர் இரண்டு இழுப்பில் லேஸ் என்று நம்ப வைத்துவிடுவார், அழகுதான், ஆனால் அதைப் பார்த்து ஒன்றைப் பின்ன முடியாது.

அப்புறம் அந்தப் பட்டையை விறைப்பாக நிறுத்தும் கஞ்சி. அந்தக் காலத்தில் மஞ்சள் கஞ்சி போடுவது பெரிய நாகரிகம். அதைப் பரப்பியதில் பெயர் எடுத்தவள் ஆன் டர்னர். தாமஸ் ஓவர்பரி 1613இல் லண்டன் கோபுரச் சிறையில் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்ட வழக்கில் 1615 நவம்பரில் அவளைத் தூக்கிலிட்டார்கள். மேலே சொன்ன ராபர்ட் காரும் அவன் மனைவி பிரான்சஸ் ஹோவர்டும் மாட்டிய அதே வழக்கு. ஒரே ஆண்டு பாருங்கள்: இளவரசியின் திருமணம், இந்த ஓவியம், அந்தக் கொலை.

வெண்ணிலா:
எல்லாரும் பிரபுவைப் பற்றியே பேசுகிறீர்கள். 1609 பிப்ரவரி 25 அன்று அவனுக்குக் கட்டிவைத்த பெண் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆன் கிளிஃபர்ட். நான் இந்த ஓவியத்துக்கு வந்ததே அவள் நாட்குறிப்பு வழியாகத்தான்.

அவள் கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபர்டின் ஒரே உயிருள்ள வாரிசு. 1605இல் அப்பா இறந்தபோது அவளுக்கு 15 வயது. ஆண் பெண் பாராமல் நேர் வாரிசுக்கே நிலம் என்று முன்னோர் காலத்து ஏற்பாடு இருந்தும், அப்பா எல்லாவற்றையும் தன் தம்பிக்கு எழுதிவிட்டார், மகளுக்குப் பணம் மட்டும். அம்மாவும் மகளும் வழக்குப் போட்டார்கள். கணவன் டார்செட் பக்கபலமாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது நிலமில்லை, கைக்கு வரும் காசு. உரிமையை விட்டுக்கொடுத்துச் சித்தப்பாவிடம் பணத்தை வாங்கிக்கொள் என்று நெருக்கினான்.

1616 நாட்குறிப்பில் அவள் எழுதியதைப் படித்தால் மனசு கனத்துவிடும். அவன் லண்டனில் சேவல் சண்டை, பந்துருட்டும் களம், நாடகம், குதிரைப் பந்தயம் என்று சுற்றுகிறான். அவள் நோலில் தனியாக, பல நேரம் பாரமான நெஞ்சோடு. அதே ஆண்டு மே மாதம் அவள் சம்மதிக்கவில்லை என்பதற்காக, இரண்டு வயதுகூட ஆகாத மகள் மார்கரெட்டை அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகச் சொல்கிறான். அந்த மாதத்திலேயே அவள் அம்மாவும் இறந்துபோகிறார். 1617 ஜனவரியில் மன்னர் முன் கணவனும் மனைவியும் மண்டியிடுகிறார்கள். எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்கிறார் ஜேம்ஸ். டார்செட் சரி என்கிறான். அவள், உயிரோடு இருக்கும்வரை என் பூர்வீக நிலமான வெஸ்ட்மர்லாந்தை விட்டுத் தர மாட்டேன் என்கிறாள். அறை முழுக்க ஆண்கள், எதிரில் நாட்டின் மன்னர், அவளுக்கு 27கூட ஆகவில்லை! அரசி ஆன் மட்டும் தனியாக, மன்னரை முழுவதும் நம்பிவிடாதே என்று எச்சரித்திருந்தார்.

தீர்ப்பு அவளுக்கு எதிராகவே வந்தது. பணம் டார்செட்டுக்குப் போனது. அந்தச் சரிகைக்கும் குஞ்சத்துக்கும் ஏறிய கடனை அடைக்க யாருடைய பூர்வீகம் விலைபேசப்பட்டது என்பதை மறந்துவிட்டு என்னால் அந்தக் காலுறைப் பூவேலையை ரசிக்க முடியவில்லை.

மரப்பாச்சி:
வெண்ணிலா அக்கா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அந்த முகத்தில் இது எதுவுமே இல்லையே? குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தவன், கடனில் மூழ்கியவன், நண்பர்களிடம் அள்ளிக்கொடுத்தவன், எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை. ரெம்ப்ராண்ட் கையில் கிடைத்திருந்தால் அந்த ஆள் தெரிந்திருப்பான்.

வெண்ணிலா:
1613இல் குழந்தையே பிறக்கவில்லை, 1614 ஜூலையில்தான். அதனால் முகத்தில் தேட வேண்டாம் தம்பி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அது நியாயமாகாது. பிற்காலத்தில் தன் வாழ்க்கையைத் திரும்பி எழுதும்போது ஆன் அவனைத் திட்டவில்லை. இயல்பில் நேர்மையானவர், இனிய சுபாவம், வீரம் உள்ளவர், கல்விமான்களையும் போர்வீரர்களையும் ஆதரித்தே சொத்தைக் கரைத்தார் என்கிறாள். ஆனால் அவளேதான், நோல், வில்டன் இரண்டு மாளிகையின் சலவைக்கல் தூண்களும் எனக்குப் பல நேரம் வேதனையின் அலங்காரப் பந்தல்களாகவே இருந்தன என்றும் எழுதினாள். (வில்டன் அவளுடைய இரண்டாம் கணவர் பெம்ப்ரோக் பிரபுவின் வீடு.) இரண்டும் உண்மையாக இருந்திருக்கும். 1643இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசின்றி இறந்ததும் நிலமெல்லாம் அவளிடமே வந்தது. 53 வயது. வடக்கே போய் ஸ்கிப்டன், ஆப்பிள்பி, புரூம் கோட்டைகளைச் செப்பனிட்டு, 86 வயதுவரை வாழ்ந்தாள். 1646இல் அவள் வரையச் சொன்ன மூன்று மடிப்புப் பெரிய ஓவியம் இருக்கிறதே, அதன் வலப்பக்கத்தில் இரண்டு கணவர்களும் சுவரில் மாட்டிய சின்னப் படங்களாக இருக்கிறார்கள்.

தூரிகை:
அருமை அக்கா. முகம் பற்றி மரப்பாச்சிக்குப் பதில் சொல்ல ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். திரை பற்றிய கேள்விக்கும் அதுவே பதில்.

சார்ல்கோட் படத்தில் இருக்கும் எட்வர்ட் ஹெர்பர்ட் தன் வரலாறு எழுதியிருக்கிறார். அதில் நம் டார்செட் வருகிறான். அறிமுகமே இல்லாத ஹெர்பர்ட்டை ஒருநாள் டார்செட் மாளிகைக்கு அழைத்து, படங்கள் நிறைந்த நீண்ட கூடத்துக்குக் கூட்டிப்போகிறான். பச்சைப் பட்டுத் திரை போட்டு மூடிய ஒரு படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்கிறான். தெரியவில்லை என்றதும் திரையை விலக்குகிறான். ஹெர்பர்ட்டின் படமே! உங்கள் வீரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, லார்க்கின் என்ற ஓவியர் உங்களுக்காக வரைந்ததைப் பார்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன் என்கிறான்.

அந்தக் காலத்தில் அருமையான படங்களைத் திரை போட்டு மூடிவைப்பார்கள். வேண்டியவர் வந்தால் விலக்கிக் காட்டுவார்கள். லார்க்கின் வரைந்த திரை அந்த வழக்கத்திலிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். திரை விலகுகிறது, ஆள் காட்சி தருகிறான். நாடக ஆசிரியர் பென் ஜான்சனும் மேடை வடிவமைப்பாளர் இனிகோ ஜோன்ஸும் அரசவையில் நடத்திய முகமூடி நாடகங்களிலும் இதே உத்திதான், திரை போய்ப் பிரபுக்கள் பளபளவென்று நிற்பார்கள். அங்கே யாரும் முகபாவம் காட்டி நடிக்கவில்லை. நின்றாலே போதும். அப்படி நிற்கிறவனை வரையச் சொன்னால் ரெம்ப்ராண்ட் முகம் எதற்கு? லார்க்கினுக்கு முகம் வரையத் தெரியாமலும் இல்லை. சார்ல்கோட்டில் ஹெர்பர்ட்டின் முகத்தைப் பாருங்கள், மென்மையாக, கொஞ்சம் சோகமாக, நெருங்கிய நண்பனுக்குக் கொடுக்க வரைந்த முகம். கேட்டவனுக்குத் தக்கபடி வரைந்தார்.

மரப்பாச்சி:
அந்தத் திரை விளக்கத்தை ஏற்கிறேன், ரொம்ப நன்றாக இருக்கிறது. பாதங்களை இன்னும் ஏற்கவில்லை.

பழையஏடு:
நோல் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 1613 முதல் 1624 வரை டார்செட் வீட்டில் யார் யார் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். பிரபு மேசை, மேலாளர் மேசை, கூடத்து நீள மேசை, சமையல்கட்டு, சலவைப் பெண்கள் என்று போகிறது. சலவைப் பெண்களில் கிரேஸ் ராபின்சன், சமையல்கட்டு ஆட்களில் ஜான் மொராக்கோ என்ற இரண்டு பேரைக் கறுப்பினத்தவர் என்று குறித்திருக்கிறார்கள். இந்த ஓவியம் வரைந்த ஆண்டில் தொடங்கும் பட்டியல். வீட்டின் வெள்ளைத் துணியெல்லாம் வெளுக்கப் போனது கிரேஸ் ராபின்சன் இருந்த அந்தச் சலவைக்கட்டுக்குத்தான். அவர்களுக்கு உருவப்படம் இல்லை, ஒரு வரிப் பெயர்தான். ஆனால் பெயராவது இருக்கிறது, அதை இந்த இழையில் பதிந்துவைக்க விரும்பினேன்.

நூலிழை:
நன்றி ஐயா. லேஸ் பட்டையை வெளுத்து, கஞ்சி போட்டு, சூடான கம்பியால் மடிப்பு எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும்.

புதுவாசகன்:
அடுத்த மாதம் அலுவலக வேலையாக லண்டன் போகிறேன். கென்வுட்டில் இதை நேரில் பார்க்க முடியுமா? கட்டணம் உண்டா?

தூரிகை:
கட்டணம் இல்லை. கீழ்த்தளத்தில் ரெம்ப்ராண்டின் சுயஉருவப்படமும் வெர்மீரின் கிட்டார் வாசிக்கும் பெண்ணும் இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் மாடிக்குப் போங்கள். சஃபோக் பிரபு குடும்பத்தின் சேகரிப்பு, 1974இல் நாட்டுக்குக் கொடுத்தார்கள், 2001இலிருந்து கென்வுட்டில் இருக்கிறது. ரிச்சர்டோடு அவன் தம்பி எட்வர்டின் படமும் உண்டு, அதே ஓவியர். 1613இல்தான் அந்த எட்வர்ட் புரூஸ் பிரபுவோடு நெதர்லாந்தில் வாள்சண்டை போட்டு அவரைக் கொன்றான். பின்னால் நான்காம் பிரபு ஆனவனும் அவன்தான்.

நேரம் இருந்தால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். 1616இல் ஐசக் ஆலிவர் வரைந்த ரிச்சர்டின் நுண்ணோவியம் அங்கே இருக்கிறது, புத்தகப் பக்க அளவுதான். நீல வெல்வெட் கால்சட்டையில் பொன்னால் சூரியன், சந்திரன், நட்சத்திரம். அதுவும் பழையஏடு ஐயா சொன்ன உடைப் பட்டியலில் இருக்கிறது.

மரப்பாச்சி:
போனால் பாதத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் தம்பி. படத்துக்கு எதிரே தரையோடு குனிந்தும் ஒருமுறை பாருங்கள். உயரமான இடத்தில் மாட்டுவதற்காக வரைந்திருந்தால் கம்பளச் சரிவுக்கு ஒரு நியாயம் கிடைக்கும், அப்படியானால் நான் பேச இடமிருக்காது.